வானத்துக்கும் ஓரங்களுக்கும் அடர்த்தி கூட்டுதல்

நண்பகல் தாண்டிய வெயிலில் ஒரு கோயில் கோபுரத்தைப் படமெடுக்கிறோம். நேரில் வானம் நல்ல நீலமாக, மேகங்கள் திரண்டு நிற்கின்றன. கணினியில் திறந்து பார்த்தால் கோபுரம் சரியாக இருக்கிறது, வானம் வெளிறிக் கிடக்கிறது. நம் கண் வானத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும் கோபுரத்தின் நிழலைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமரா முழுப் படத்துக்கும் ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் ஏற்கும். கோபுரத்துக்குப் போதுமான வெளிச்சம் வானத்துக்கு அதிகமாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் ஓரங்களில் வருகிறது. படத்தின் நடுவில் ஒரு பாட்டி பூத் தொடுத்துக்கொண்டிருப்பார். வலது மூலையில் வெயில் பட்ட சுண்ணாம்புச் சுவர் பளீரென்று இருக்கும். பார்ப்பவர் கண் பாட்டியை விட்டுச் சுவருக்குப் போய்விடும். படத்தில் வெளிச்சம் மிகுந்த இடத்தைத்தான் கண் முதலில் தேடும்.

இந்த இரண்டையும் சரிசெய்யும் முறைகளை இந்த அத்தியாயம் சொல்கிறது. எல்லா முறைகளுக்கும் அடிப்படையாக ஒரு விதி உண்டு. படத்தில் இயல்பாக வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறதோ அதற்கு இணங்கியே நாம் கூட்டும் அடர்த்தியும் விழ வேண்டும். இந்த விதியைக் காப்பாற்றினால் நாம் செய்த வேலை கண்ணில் படாது, படம் மட்டும் கண்ணில் படும். விதி மீறினால் எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளாக இருந்தாலும் படம் போலியாகத் தெரியும்.

இருட்டறையிலிருந்து வந்த வேலை

வானத்தோடு போராடுவது புகைப்படக் கலையின் ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கும் வேலை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புழங்கிய கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி வினை புரியும். கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாக வரும். பிரான்சைச் சேர்ந்த குஸ்தாவ் லெ கிரே 1856, 1857-இல் எடுத்த கடல் படங்கள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என இரண்டைப் பயன்படுத்தித் தொடுவானத்தில் இணைத்து ஒரே பிரிண்டாக்கினார்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் இதே வேலையை இரண்டு வழிகளில் செய்தார். 1927-இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது லென்சின் முன்னால் அடர் சிவப்பு ஃபில்டரைப் பொருத்தினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுக்கும் என்பதால் கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் ஏறத்தாழ கறுப்பாகி, பாறை எழுந்து நின்றது. இது எடுக்கும்போதே செய்த அடர்த்தி.

1941 இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில், மறையும் சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் விழ, மேலே நிலவு எழும் காட்சியை அவர் எடுத்தார். அதன் முற்காலப் பிரிண்டுகளில் வானம் நடுத்தரச் சாம்பல் நிறத்தில், மெல்லிய மேகக் கீற்றுகளோடு இருக்கும். பிற்காலப் பிரிண்டுகளில் அந்தக் கீற்றுகள் பெரும்பாலும் மறைந்து வானம் ஆழ்ந்த கறுப்பாகிவிட்டது. நெகட்டிவ் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் பிரிண்ட் போடும்போது வானப் பகுதிக்கு மட்டும் கூடுதல் ஒளி காட்டி அடர்த்தியை ஏற்றினார். தாளின் ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் சற்றுக் கூடுதல் ஒளி காட்டுவதையும் அவர் தம் பாடநூலில் விளக்கியிருக்கிறார். இன்றைய மென்பொருள்களில் இருக்கும் ‘பர்ன்’ கருவி அந்த இருட்டறை வேலையின் பெயரையே கொண்டிருக்கிறது.

இல்லாத வானத்தை இருட்டாக்க முடியாது

மென்பொருளைத் திறப்பதற்கு முன், கேமராவில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜேபெக் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றும் 255-ஐத் தொட்டுவிட்டால் அந்த இடம் தூய வெள்ளை. அங்கே மேகம் இருந்ததா, நீலம் இருந்ததா என்ற தகவலே கோப்பில் இல்லை. அந்த இடத்தை இருட்டாக்கினால் நீலம் வராது, அழுக்குச் சாம்பல்தான் வரும்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் நிலைமை மேல். 12 பிட் ரா கோப்பில் 4,096 படிகள், 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். ஜேபெக்கில் வெளுத்துப் போனதாகத் தெரியும் மேகம் ராவில் ஓரளவு மிஞ்சியிருப்பது உண்டு. ஆனால் சென்சாரே நிரம்பி வழிந்துவிட்டால் ராவிலும் மீட்பு கிடையாது.

ஆகவே எடுக்கும்போது வானத்தைக் காப்பாற்றுங்கள். கேமராத் திரையில் வெளிச்ச அளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது சுவரில் மலைபோல் குவிந்து முட்டினால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறையுங்கள். ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி சரிபாதியாகும். நிழலில் சற்று இருண்ட கோபுரத்தைப் பிறகு தூக்கிவிடலாம், வெளுத்த வானத்தைத் திரும்பப் பெற முடியாது.

போலரைசர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வானப் பகுதியில்தான் அது அதிகமாக வேலை செய்யும். அகன்ற கோண லென்சில் அதைப் போட்டால் வானத்தின் ஒரு பகுதி கருநீலமாகவும் மறுபகுதி வெளிறியும் திட்டாகத் தெரியும். அந்தத் திட்டைக் கணினியில் சமன்படுத்துவது கடினம். அகன்ற லென்சில் அதைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

மல்டிப்ளை என்ன செய்கிறது

வானத்தை அடர்த்தியாக்க எளிய, நம்பகமான வழி, படத்தின் நகலை மேலே ஒரு லேயராக வைத்து அதன் கலப்பு முறையை ‘மல்டிப்ளை’ என்று மாற்றுவது. பெயருக்கேற்ப அது பெருக்கல்தான். கீழ் லேயரின் மதிப்பை மேல் லேயரின் மதிப்பால் பெருக்கி 255-ஆல் வகுக்கும். 200 இருந்த இடம் 157 ஆகும். 100 இருந்த இடம் 39 ஆகும். 250 இருந்த மேகம் 245-இல் நிற்கும். 255 இருந்த வெள்ளை 255 ஆகவே இருக்கும்.

இந்த நான்கு எண்களில் நமக்கு வேண்டிய மூன்று பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, மேகம் அப்படியே நிற்க நீலம் மட்டும் இறங்குவதால் மேகம் வானத்திலிருந்து பிரிந்து தெரியும். இரண்டாவது, ஏற்கெனவே இருண்ட மரமும் கோபுரமும் வானத்தைவிட வேகமாகக் கறுத்துவிடும், எனவே அவற்றை மாஸ்க் போட்டு மறைத்தே ஆக வேண்டும். மூன்றாவது, முற்றிலும் வெளுத்த இடத்தை இந்த முறை தொடவே தொடாது.

நிறத்திலும் ஒரு மாற்றம் வரும். வானத்தின் சிவப்பு 130, பச்சை 170, நீலம் 220 என்று வைத்துக்கொள்வோம். மல்டிப்ளைக்குப் பிறகு அவை 66, 113, 190 ஆகும். அடர்த்தியோடு நீலத்தின் செறிவும் ஏறிவிட்டது. அளவோடு இருந்தால் அழகு, மிஞ்சினால் வண்ணம் பூசியது போலாகும். செறிவு வேண்டாமென்றால் மேல் லேயரை மட்டும் நிறம் நீக்கிச் சாம்பலாக்கிவிட்டு மல்டிப்ளை செய்யுங்கள். மூன்று நிறங்களும் ஒரே விகிதத்தில் இறங்கும், நீலம் கத்தாது.

கிம்ப்பில் படிப்படியாக

கிம்ப் மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதனால் அதையே மாதிரியாக எடுத்துக்கொள்வோம். கடற்கரை, வயல்வெளி போலத் தொடுவானம் நேராக இருக்கும் படம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

1. ‘இமேஜ்’ மெனுவில் ‘பிரெசிஷன்’ சென்று 16 பிட் என்று மாற்றுங்கள். 8 பிட்டில் வேலை செய்தால் வானத்தில் படிக்கட்டு போன்ற பட்டைகள் விழ வாய்ப்பு அதிகம்.

2. வானத்தில் தூசிப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று 100 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால் ‘ஹீல்’ கருவியால் இப்போதே துடையுங்கள். சென்சாரில் ஒட்டிய தூசி வெளிறிய வானத்தில் மங்கலாக இருக்கும், அடர்த்தி ஏற்றியதும் பளிச்சென்று தெரியும். எஃப் 16 போன்ற சிறிய துவாரத்தில் எடுத்த படங்களில் கூடுதல் கவனம் தேவை.

3. லேயரை நகலெடுங்கள். மேல் லேயரின் முறையை ‘மல்டிப்ளை’ ஆக்குங்கள். முழுப் படமும் கறுக்கும், கவலை வேண்டாம்.

4. ‘லேயர்’ மெனுவில் ‘மாஸ்க்’, அதில் ‘ஆட் லேயர் மாஸ்க்’. வரும் பட்டியலில் கறுப்பைத் தேர்ந்தெடுங்கள். படம் பழைய நிலைக்குத் திரும்பும். மாஸ்கில் கறுப்பு என்றால் மேல் லேயர் மறைவு, வெள்ளை என்றால் வெளிப்பாடு.

5. கிரேடியன்ட் கருவியை எடுங்கள். முன்னிறம் வெள்ளை, பின்னிறம் கறுப்பு. கருவியின் விருப்பங்களில் ‘டித்தரிங்’ இருந்தால் அதையும் இயக்குங்கள், பட்டை விழுவதைக் குறைக்கும். மாஸ்க் தேர்வில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, படத்தின் உச்சியிலிருந்து தொடுவானம் வரை இழுங்கள். உச்சி அடர்த்தியாகவும் தொடுவானத்தை நெருங்க நெருங்க இயல்பாகவும் மாறும்.

6. லேயர் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் ஒப்பாசிட்டியைச் சுழியத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெல்ல ஏற்றுங்கள். போதும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, அதிலிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள். பெரும்பாலான படங்களுக்கு 30 முதல் 60-க்குள் முடிந்துவிடும்.

‘பர்ன்’ கருவியை நேரடியாகப் படத்தின்மேல் தேய்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வானம் போன்ற பரந்த, ஒரே சீரான இடத்தில் ஒவ்வொரு தேய்ப்பும் தனித்தனித் தடமாகத் தெரியும், பிறகு திருத்தவும் முடியாது. லேயரும் மாஸ்கும் இருந்தால் ஒரு மாதம் கழித்துக்கூட அந்த வேலையைத் திறந்து மாற்றலாம். அதற்காகக் கோப்பை கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்-இல் சேமித்து வையுங்கள்.

கோபுரம் குறுக்கே வந்தால்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் முழு உயரத்தையும் சட்டகத்துக்குள் கொண்டுவந்தால் வானத்தின் பெரும்பகுதியை அது ஊடுருவி நிற்கும். உச்சியிலிருந்து கிரேடியன்ட் இழுத்தால் சிகரம் கறுத்து, அடித்தளம் வெளிச்சமாக இருக்கும். வெயில் மேலிருந்துதானே விழுகிறது? சிகரம் மட்டும் எப்படி இருளும்? பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் படத்தில் ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

இங்கே மாஸ்கைப் படத்திலிருந்தே தயாரிக்க வேண்டும். ‘ஆட் லேயர் மாஸ்க்’ பட்டியலில் லேயரின் சாம்பல் நிற நகலை மாஸ்காக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் வெளிச்சமான வானம் மாஸ்கில் வெளுப்பாகவும், அதைவிட இருண்ட கல் கறுப்பாகவும் தானே அமைந்துவிடும். பிறகு மாஸ்கின்மேல் ‘லெவல்ஸ்’ கருவியைத் திறந்து, இடப்பக்கக் கறுப்பு முனையைக் கோபுரம் முழுக்கக் கறுக்கும்வரை நகர்த்துங்கள், வலப்பக்க வெள்ளை முனையை வானம் வெளுக்கும்வரை நகர்த்துங்கள். தென்னங்கீற்று, வேப்பங்கிளை போன்ற கையால் வெட்ட முடியாத நுணுக்கங்களும் இந்த முறையில் சுத்தமாகப் பிரியும்.

வெயில் நேராகப் பட்ட கல்லும் வெள்ளைச் சுவரும் வானத்தோடு சேர்ந்து மாஸ்கில் வெளுக்கக்கூடும். மென்மையான விளிம்புள்ள பிரஷில் கறுப்பை எடுத்து அந்த இடங்களை மாஸ்கில் மூடிவிடுங்கள். கடைசியில் மாஸ்குக்கு ஒன்றிரண்டு பிக்சல் அளவு மங்கல் கொடுங்கள். கத்தரித்து ஒட்டியது போன்ற கூர்மை போய்விடும்.

மற்ற மென்பொருள்களில்

லைட்ரூமில் ‘மாஸ்க்கிங்’ பகுதியில் ‘லீனியர் கிரேடியன்ட்’ இருக்கிறது. 2021 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து ‘செலக்ட் ஸ்கை’ என்ற வசதி வானத்தைத் தானாகவே கண்டுபிடித்துத் தருகிறது. ஆனால் அது தரும் தேர்வு வானம் முழுவதையும் ஒரே அளவில் மூடும். அப்படியே எக்ஸ்போஷரை இறக்கினால் தொடுவானமும் உச்சியும் ஒரே தட்டையாகிவிடும். அந்தத் தேர்வை லீனியர் கிரேடியன்டோடு ‘இன்டர்செக்ட்’ செய்யுங்கள். கோபுரம் தப்பும், வானத்தின் இயல்பான ஏற்ற இறக்கமும் தப்பும். எக்ஸ்போஷர் மைனஸ் 0.5, ஹைலைட்ஸ் மைனஸ் 30 என்று தொடங்குங்கள். ‘டிஹேஸ்’ விசையை வானத்தில் 10-க்கு மேல் ஏற்ற யோசியுங்கள், விரைவில் கரடுமுரடாகிவிடும்.

ஃபோட்டோஷாப்பில் நகல் லேயருக்குப் பதிலாக ‘கர்வ்ஸ்’ அட்ஜஸ்ட்மென்ட் லேயரைப் போட்டு, வளைவின் நடுவைக் கீழே இழுத்து, அதன் மாஸ்கில் கிரேடியன்ட் இழுக்கலாம். லேயரின் முறையை ‘லூமினாசிட்டி’ ஆக்கினால் நிறச் செறிவு கூடாமல் அடர்த்தி மட்டும் ஏறும்.

டார்க்டேபிள் இலவச மென்பொருளில் ‘கிராஜுவேட்டட் டென்சிட்டி’ என்று தனித் தொகுதியே உண்டு. அடர்த்தி, விளிம்பின் கடுமை, சாய்வு மூன்றையும் அதில் மாற்றலாம். கோபுரம் குறுக்கிடும் படங்களுக்கு ‘எக்ஸ்போஷர்’ தொகுதியின் இன்னொரு பிரதியைத் திறந்து, அதில் கிரேடியன்ட் மாஸ்கையும் வெளிச்ச அளவை வைத்துப் பிரிக்கும் பாராமெட்ரிக் மாஸ்கையும் சேர்த்துப் போடுவது நல்லது.

கைபேசியில் வேலை செய்பவர்களுக்கு ஸ்னாப்சீடின் ‘பிரஷ்’ கருவி போதும். எக்ஸ்போஷரை மைனஸில் வைத்து, படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு கோபுர விளிம்பருகே பூசுங்கள், சிறிதாக்கிக்கொண்டு பரந்த வானத்தில் பூசுங்கள். படத்தைப் பெரிதாக்கும் அளவுக்கு ஏற்ப பிரஷின் பரப்பு மாறும்.

வெளிச்சத்தின் திசையைப் படியுங்கள்

கருவிகள் கைவந்த பிறகு படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது இதுதான். வானம் எங்கும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. தெளிந்த பகலில் உச்சி ஆழ்ந்த நீலம், தொடுவானம் வெளிர். சூரியன் இருக்கும் பக்கம் வெளிச்சம், அதிலிருந்து விலகிய பக்கம் அடர்த்தி. சூரியன் படத்தின் இடப்புறம் இருந்தால் கிரேடியன்டை நேர் செங்குத்தாக இழுக்காதீர்கள், வலது மேல் மூலையிலிருந்து சாய்வாக இழுங்கள். மேற்கு வானம் சிவந்திருக்கும் அந்தியில் சூரியன் இறங்கும் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பகுதிக்கு மட்டும் அடர்த்தி கூட்டுங்கள்.

தெப்பக்குளம், ஏரி, நீர் நிறைந்த நெல்வயல் படங்களில் இன்னொரு சோதனை உண்டு. நீரில் தெரியும் வானத்தின் பிம்பம் உண்மை வானத்தைவிடச் சற்று இருண்டுதான் இருக்கும், விழும் ஒளி முழுவதையும் நீர் திருப்பி அனுப்புவதில்லை. நீங்கள் மேலே வானத்தை மட்டும் இருட்டாக்கிக் கீழே பிம்பத்தைப் பிரகாசமாக விட்டுவிட்டால் இயற்கையின் கணக்கு தலைகீழாகிறது. வானத்தை இறக்கினால் நீரையும் இறக்குங்கள், நீர் எப்போதும் ஒரு படி கீழே இருக்கட்டும்.

நிலத்தையும் பாருங்கள். தரையில் கூர்மையான வெயில் நிழல்கள் விழுந்திருக்க, மேலே புயல் மேகம் போல் கருமை ஏற்றினால் பொருந்தாது. அத்தகைய வெளிச்சம் மழைக்கு முன்னால் சில நேரம் உண்மையாகவே வரும். அப்போது எடுத்த படமாக இருந்தால் மட்டும் அப்படி ஏற்றுங்கள்.

ஓரங்கள்

லென்சே ஓரங்களை ஓரளவு இருட்டாக்கும். லென்சின் மையக் கோட்டிலிருந்து விலகி வரும் ஒளி அந்தக் கோணத்தின் கோசைன் மதிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும் என்பது ஒளியியல் விதி. எளிய வடிவமைப்புள்ள லென்சில் 45 பாகையில் வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும், அதாவது இரண்டு ஸ்டாப் குறைவு. இக்கால மென்பொருள்கள் லென்சின் விவரத்தைக் கொண்டு இதைத் தாமாகவே சரிசெய்கின்றன.

முதலில் அந்தத் திருத்தத்தை இயக்கி ஓரங்களைச் சமமாக்குங்கள். அடுத்து வேண்டிய அளவுக்குப் படத்தை வெட்டுங்கள். அதன் பிறகே ஓரங்களுக்கு உங்கள் விருப்பப்படி அடர்த்தி கூட்டுங்கள். வரிசை மாறினால், வெட்டியபோது ஒரு பக்கத்து இருட்டு போய் மறுபக்கத்து இருட்டு மட்டும் மிஞ்சும். லைட்ரூமில் ஓரங்களை இருட்டாக்கும் ‘போஸ்ட் க்ராப் விக்னெட்டிங்’ என்ற விசை வெட்டிய அளவுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும். அதில் மைனஸ் 10 முதல் 20 வரை போதும். விளிம்பை மென்மையாக்கும் ‘ஃபெதர்’ அளவை உயர்த்தியே வையுங்கள்.

கிம்ப்பில் ‘லைட் அண்ட் ஷேடோ’ பிரிவில் ‘விக்னெட்’ ஃபில்டர் இருக்கிறது. கைவேலையாகச் செய்தால் கட்டுப்பாடு கூடும். மல்டிப்ளை லேயர், கறுப்பு மாஸ்க் இரண்டையும் மேலே சொன்னபடியே போடுங்கள். நீள்வட்டத் தேர்வுக் கருவியால் படத்தின் முக்கியப் பொருளைச் சுற்றித் தாராளமாக ஒரு வட்டம் இழுங்கள். ‘ஃபெதர்’ கொடுங்கள், படத்தின் சிறிய பக்கத்தில் கால் பங்கு அளவாவது இருக்கட்டும். தேர்வைத் தலைகீழாக்கி மாஸ்கில் வெள்ளையை நிரப்புங்கள். ஒப்பாசிட்டியை 15 முதல் 30-க்குள் நிறுத்துங்கள்.

தயார்நிலை விக்னெட் பொதுவாகப் படத்தின் நட்டநடுவையே மையமாகக் கொள்ளும். உங்கள் பொருள் இடப்புற மூன்றிலொரு பங்கில் இருந்தால் அந்த வட்டம் காலி இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். கைவேலை முறையில் வட்டம் பொருளைச் சுற்றி அமைகிறது, அதனாலேயே அது சிறந்தது.

பல படங்களுக்கு நான்கு ஓரமும் இருள வேண்டிய அவசியமே இல்லை. பூத் தொடுக்கும் பாட்டியின் படத்தில் தொந்தரவு செய்வது வலது மூலைச் சுவர் மட்டும். அந்தச் சுவரை மட்டும் பெரிய, மென்மையான பிரஷால் மாஸ்கில் வெளிக்கொணர்ந்து இறக்கினால் வேலை முடிந்தது. எங்கே தொந்தரவு என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. படத்தைத் திரையில் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அல்லது தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பாட்டி, சுவர் என்ற அடையாளங்கள் மறைந்து வெறும் வெளிச்சத் திட்டுகள் மட்டும் தெரியும், கண் எங்கே ஓடுகிறது என்பது உடனே புரியும்.

முகங்களும் செய்திப் படங்களும்

குடும்பக் குழுப் படத்துக்கு விக்னெட் போடாதீர்கள். ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் கையும் நடுவில் நிற்பவர்களைவிடக் கறுத்துவிடும். கல்யாண ஆல்பங்களில் இந்தக் குறையைத் தாராளமாகப் பார்க்கலாம். ஓரத்தில் நிற்கும் அத்தையும் சித்தப்பாவும் அந்தப் படத்தில் சம உரிமை உள்ளவர்கள். அவர்கள் முகத்தின் நிறத்தை மாற்ற நமக்கு உரிமை இல்லை.

முகத்தை இருட்டாக்குவது எவ்வளவு பெரிய அநீதியாக முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. கொலைக் குற்றச்சாட்டில் கைதான அமெரிக்கக் கறுப்பின விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தை ‘டைம்’ இதழ் 1994 ஜூன் 27 தேதியிட்ட அட்டையில் வெளியிட்டது. படத்தை முகமும் ஓரங்களும் இருளும்படி மாற்றியிருந்தார்கள். அதே வாரம் ‘நியூஸ்வீக்’ அதே படத்தை மாற்றாமல் வெளியிட்டதால் கடைகளில் இரண்டும் அருகருகே இருந்தன. வேறுபாட்டைப் பார்த்தவர்கள் கொதித்தார்கள், கறுப்பின மனிதரை மேலும் கறுப்பாக்கிக் குற்றவாளித் தோற்றம் தந்ததாகக் கண்டனம் எழுந்தது. ‘டைம்’ ஆசிரியர் விளக்கம் தர நேர்ந்தது.

செய்திப் படத்துக்கு எல்லை இன்னும் குறுகியது. வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ அமைப்பின் 2015 போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் சுமார் 20 விழுக்காட்டை, மூலக் கோப்போடு ஒப்பிட்டு நடுவர்கள் நீக்கினார்கள். படத்திலுள்ள பொருள் மறையும் அளவுக்கு ஓரிடத்தைக் கறுப்பாக்குவதும் நீக்கத்துக்கான காரணங்களில் ஒன்று. செய்திப் படத்தில் அடர்த்தி கூட்டலாம், ஆனால் இருந்த ஒன்றை இல்லாததாக்கக் கூடாது. இருட்டாக்கிய இடத்தை மீண்டும் உற்றுப் பாருங்கள். அங்கே நின்றவர் இன்னும் தெரிகிறாரா என்பதே அளவுகோல்.

கெட்டுப்போகும் இடங்களும் திருத்தமும்

கோபுர விளிம்பில் வெள்ளைக் கோடு: மாஸ்க் விளிம்பு வரை எட்டவில்லை. மாஸ்கில் ‘லெவல்ஸ்’ நடு முனையை நகர்த்தி வெள்ளைப் பகுதியை ஓரிரு பிக்சல் விரியச் செய்யுங்கள்.

வானத்தில் பட்டைகள்: 8 பிட்டில் வேலை நடந்திருக்கிறது. 16 பிட்டில் மறுபடி செய்யுங்கள். கடைசியில் மிக மெல்லிய மணல்தன்மையைச் சேர்த்தாலும் பட்டை மறையும். ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்தை 90-க்கு மேல் வையுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் முழுக்கப் புள்ளிகள்: நிறக் கலவையில் நீல விசையை அளவுக்கு மீறி இறக்கியிருக்கிறீர்கள். அந்த விசையைப் பாதியளவு மேலே கொண்டுவந்து, மீதியை மல்டிப்ளை லேயரால் செய்யுங்கள்.

வானம் சாம்பலாக, உயிரற்று: எடுத்தபோதே வெளுத்துப்போன வானம் அது. வெள்ளையாகவே விட்டுவிடுங்கள், அல்லது வானம் குறைவாக வரும்படி படத்தை வெட்டுங்கள்.

தாளில் அச்சிடும்போது

திரை தானாக ஒளிர்வது, தாள் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவது. திரையில் ஆழமாகத் தெரிந்த வானம் தாளில் சேறு போல் வரக்கூடும். பலருடைய திரை தேவைக்கு அதிகமான வெளிச்சத்தில் இருக்கிறது. அச்சு வேலைக்குச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வரை போதும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. அளக்கும் கருவி இல்லையென்றால், ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். பெரிய பிரிண்ட் கொடுப்பதற்கு முன் சிறிய அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வானத்தின் ஒப்பாசிட்டியை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும்.

பயிற்சி

உங்களிடம் உள்ள படங்களில் தொடுவானம் நேராக உள்ள ஒன்று, கோபுரமோ மரமோ வானத்தில் நுழையும் ஒன்று, ஓரத்தில் வெளிச்சத் திட்டு உள்ள ஒன்று என மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வேலையைத் தொடங்குமுன், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கண் எங்கே போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலையை முடித்து, ஒரு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். பிறகு இந்தத் துறை அறியாத ஒருவரிடம் காட்டி, படத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். அவர் “வானத்தை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் ஒப்பாசிட்டியைப் பாதியாக்குங்கள். பூத் தொடுக்கும் பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் படம் தயார், சேமித்துவிடுங்கள்.